ஒருவருக்கு ஒரு பாட்டு

நாகரிகங்கள் ஆற்றங்கரையில்தான் தோன்றும் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். அந்த வரிசையில் ஆகக் கடைசியாகத் தோன்றிய நாகரிகம் கடலூரில், கெடிலத்தின் கரையோரம், திரு. செந்தமிழ்செல்வன் அவர்களின் வீட்டு மொட்டை மாடியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை இட்லிக்கும் காப்பிக்கும் நடுவே தோன்றியது. அதன் பெயர் 'கடலூர்–சிதம்பரம் ஒருங்கிணைந்த மியூசிக்கல் தியேட்டர் பேரவை'. வைத்திலிங்கமாகிய நான் அதன் இணைச் செயலாளர். செயலாளர் என்று ஒருவர் கிடையாது. இருந்தாலும் நான் இணைதான். பணிவு எங்கள் பேரவையின் அடிப்படைக் கொள்கை.

எங்கள் தலைவர் செந்தமிழ்செல்வன் அவர்கள் பெரிய துறையொன்றில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது பதவிதான், அவர் இல்லை. போன கோடையில் அமெரிக்காவில் மகன் வீட்டில் தங்கிவிட்டு வந்தார். போகும்போது ஊறுகாய் கொண்டு போனார். வரும்போது கலை கொண்டு வந்தார்.

"அங்க எல்லாம் டிராமா கிடையாது வைத்தி. மியூசிக்கல்! பேசிக்கிட்டே இருப்பான், திடீர்னு பாடுவான். பாடிக்கிட்டே ஆடுவான். ஆடிக்கிட்டே அழுவான். நான் அப்படியே ஆடிப்போயிட்டேன்" என்றார்.

"அது நம்மூரு கூத்து சார்" என்றார் அந்தோணிசாமி. அவர் மைக்செட் வைத்திருப்பவர். கடலூரிலிருந்து சிதம்பரம் வரை எந்த விசேஷமானாலும் அவர் குழாய் ஸ்பீக்கர்தான் கட்டியிருக்கும். எங்கள் பேரவையில் அவருக்குப் பதவி இல்லை. பெட்டிகளோடு வந்துபோகும் உரிமை மட்டும் உண்டு.

தலைவர் அவரை இரக்கத்தோடு பார்த்தார். "கூத்துல கதவை சாத்துவாங்களா அந்தோணி?"

"கூத்துக்குக் கதவே கிடையாதுங்களே."

"அதான் வித்தியாசம். மியூசிக்கலுக்குக் கதவு உண்டு. லேட்டா வந்தா உள்ள வுட மாட்டான். செத்தாலும் வுட மாட்டான்."

மாடியில் இருந்த அனைவரும் சிலிர்த்துப் போனோம். ஆளை உள்ளே விடாமல் இருப்பதே ஒரு கலை என்பது அன்றுதான் எங்களுக்கு விளங்கியது. அந்தக் கலையில் நாங்கள் ஏற்கெனவே தேர்ச்சி பெற்றவர்கள் என்பது போகப் போகத் தெரிந்தது.

தலைவரே எழுதிய எங்கள் முதல் மியூசிக்கலின் பெயர் 'கரையைக் கடந்த காதல்'. கதாநாயகன் வானிலை அதிகாரி. கதாநாயகி பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்பு வைத்திருக்கும் பெண். ஒவ்வொரு காட்சியிலும் ஒரு புயல் வரும். கடைசிப் புயலில் கதாநாயகியின் வீட்டுக் கூரை பறந்துபோக, அவள் வெட்டவெளியில் நின்று பாடுவாள். அத்தோடு திரை. பாத்திரங்களைத் தேர்ந்தெடுக்க 'மாபெரும் பொது ஆடிஷன்' நடத்துவதென்று தீர்மானித்தோம். சாதி, மதம், வயது, வட்டம் பார்க்காமல் யார் வேண்டுமானாலும் வந்து பாடலாம், ஜனநாயகம். கதாநாயகி யார் என்பது மட்டும் முன்கூட்டியே தெரிந்திருந்தது.

அதைச் சதி என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. சிதம்பரத்தில் ஆடிஷனுக்கும் அரங்கேற்றத்துக்கும் தன் கல்யாண மண்டபத்தை மனமுவந்து கொடுத்த முதலாளிக்கு ஒரு மனைவி இருந்தார். பெயர் புஷ்பவள்ளி. மண்டபம் அவர் பேரில் இருந்தது. இது காரணமே இல்லை. சும்மா தகவலுக்காகச் சொல்கிறேன்.

"எனக்குப் பாட வராதுங்களே" என்று அந்த அம்மாள் உள்ளதைச் சொன்னார்.

"அதைப் பத்திக் கவலைப்படாதீங்க. மைக் இருக்குது" என்றார் தலைவர்.

ஆடிஷனுக்கான ஆயத்தங்கள் தொடங்கின. வரவேற்புக் குழு, பந்திக் குழு, பொன்னாடைக் குழு, ஃப்ளெக்ஸ் குழு என்று குழுக்கள் அமைக்கப்பட்டன. பாட்டுக்கு ஒரு குழு வேண்டாமா என்று அந்தோணிசாமி கேட்டார். முதலில் முக்கியமான வேலைகள் முடியட்டும் என்று சொன்னோம். ஃப்ளெக்ஸ் குழுவில்தான் அடிதடி. தலைவர் படம் பெரிதாக, மண்டப முதலாளி படம் அதைவிடப் பெரிதாக, தலைமை விருந்தினர் படம் இரண்டையும்விடப் பெரிதாக இருக்க வேண்டும். இவை மூன்றும் பொருந்தி என் படமும் ஓரத்தில் பொருந்திய பிறகு, ஆடிஷன் எந்தத் தேதி என்று போட இடமில்லாமல் போய்விட்டது. தேதியை வாட்ஸ்அப்பில் அனுப்பினோம்.

பாட வருபவர்களுக்குப் பயிற்சி கொடுக்கப் பாண்டிச்சேரியிலிருந்து பிரிசில்லா மேடம் என்ற 'பெர்ஃபார்மன்ஸ் கோச்' வந்தார். கடலூரில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் பட்டறை. எல்லாரையும் கண்ணை மூடச் சொன்னார்.

"மூச்சை இழுங்க. விடுங்க. இப்ப நீங்க மனுஷங்க இல்ல. நீங்க ஒரு மரம். ஃபீல் த ட்ரீ. காத்து வருது... வருது... உங்க உடம்பு என்ன பண்ணுது?"

தடதடவென்று சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தால் ஹால் முழுக்க எல்லாரும் தரையில் கிடந்தார்கள். காட்டுமன்னார்கோயிலிலிருந்து வந்த ரைஸ்மில்காரர் ஒருவர், வேரோடு விழுந்திருப்பதைக் காட்டக் காலை வேறு மேலே தூக்கி வைத்திருந்தார்.

"என்ன ஆச்சு? எல்லாரும் ஏன் விழுந்துட்டீங்க?" என்று பிரிசில்லா மேடம் பதறினார்.

"காத்து வந்துச்சே மேடம்."

"மரம்னா காத்துல அழகா ஆடணும்ங்க!"

"எங்கூர்ல ஆடாது மேடம். வுழுந்துடும்" என்று தரையிலிருந்தபடியே பதில் வந்தது. எங்கள் மாவட்டத்தில் மரத்தைப் பற்றி அதற்குமேல் யாருக்கும் தெரியாது. பிரிசில்லா மேடம் சாயங்காலமே பாண்டிச்சேரி பஸ் ஏறிவிட்டார். பட்டறை 'மகத்தான வெற்றி' என்று நான் அறிக்கை அனுப்பினேன்.

இந்த நேரத்தில்தான் லோகநாயகி ஆடிஷனுக்குப் பெயர் கொடுத்தார்.

லோகநாயகியை எங்கள் பக்கத்தில் தெரியாதவர்கள் இல்லை. குறிஞ்சிப்பாடியில் ஓர் அரசு அலுவலகத்தில் உதவியாளர். வேலைக்குச் சேர்ந்த புதிதில், அலுவலக விழாவொன்றில் இறைவணக்கம் பாட வேண்டியவர் வராமல்போக, இவரைப் பிடித்து மேடையில் ஏற்றினார்கள். அன்று ஏறியவரை யாரும் இறக்கிவிடவில்லை. பள்ளி ஆண்டுவிழா, கண் சிகிச்சை முகாம், ஓய்வு பெறும் அதிகாரிக்குப் பாராட்டு, எதுவானாலும் அழைப்பிதழின் முதல் வரி 'இறைவணக்கம்: திருமதி லோகநாயகி'. பெயரே 'இறைவணக்கம் லோகநாயகி' என்றாகிவிட்டது. விழாவுக்கு ஏற்பாடு செய்கிறவர்கள் பந்தலையும் நாற்காலியையும் சொல்லிவைப்பார்கள். லோகநாயகியைச் சொல்லிவைப்பதுகூட இல்லை. வந்திருக்கிறாரா என்று எட்டிப் பார்ப்பதோடு சரி.

அவர் ஆடிஷனுக்கு வருகிறார் என்றதும் நான் நேரில் போய் விசாரித்தேன். சாப்பாட்டு வேளை. பழைய கோப்புகள் அடுக்கிய பின்னறையில் பாட்டுச் சத்தம் கேட்டது. லோகநாயகி ஜன்னலோரம் நின்று பாடிக்கொண்டிருந்தார். அதே அலுவலகத்தில் வேலை பார்க்கும் அவருடைய சிநேகிதி ருக்கையா, பரங்கிப்பேட்டைக்காரர், ஒரு நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். மடியில் ஒரு தேன் பாட்டில்.

"வாங்க சார். செருப்பு சத்தம் போடாம வாங்க" என்றார் ருக்கையா கண்ணைத் திறக்காமலே. "அக்காவுக்கு ஒரு மாசமா ஐஸ் தண்ணி கிடையாது, தயிர் கிடையாது, மேலதிகாரிகிட்ட பதிலுக்குப் பதில் பேசறது கிடையாது. தொண்டையைப் பொத்திப் பொத்தி வெச்சிருக்கோம். தேன் எங்க மச்சான் துபாய்லேருந்து அனுப்புனது."

"ஏம்மா, நீங்க பாடாத மேடையா? உங்களுக்கு எதுக்கு ஆடிஷன்?" என்று நான் லோகநாயகியிடம் கேட்டேன்.

"பாடறேன் சார். ஆனா நான் வாயைத் தொறந்தாலே எல்லாரும் எழுந்து நிக்கறாங்க."

"என்ன ஒரு மரியாதை! மந்திரிக்குக்கூட இப்படி நிக்க மாட்டாங்களே!"

"நிக்கறவங்க எப்ப உக்காரலாம்னுதான் பாப்பாங்க சார். பாட்டை யாரு கேக்கறா? முடிச்சா கை தட்டக் கூடாது, சாமி பாட்டு. நாற்காலி இழுக்கற சத்தம்தான் எனக்குக் கைதட்டல். பஸ்ல பாடிப் பாத்துக்கலாம்னா, எல்லாரும் உக்காந்துதான் இருக்காங்க, ஆனா டிரைவர் போட்ட பாட்டு காதைக் கிழிக்குது. ஒரே ஒரு தடவை சார். ஜனங்க உக்காந்து என் பாட்டைக் கேக்கணும். எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

நானும் அரசுப் பணியில் இருந்தவன்தான், இப்படி ஓர் ஆசையைக் கேட்டதே இல்லை. பதவி உயர்வு கேட்பார்கள், இடமாற்றம் கேட்பார்கள். ஊரார் உட்கார வேண்டும் என்று எவராவது மனுப் போடுவார்களா? ஆடிஷனில் பாடப்போகும் பாட்டைப் பற்றிக் கேட்டேன். எங்கள் மாவட்டத்தையே புரட்டிப்போட்ட 'தானே' புயலில் அவர் வீட்டுச் சிமெண்டு ஷீட்டுக் கூரை பறந்துபோன மறுநாள், நிவாரண முகாமில் பாத்திரம் விளக்கும்போது தானாக வந்த பாட்டாம். யாருக்கும் இதுவரை பாடிக் காட்டியதில்லையாம், ருக்கையாவைத் தவிர. எங்கள் மியூசிக்கலிலும் கூரை பறக்கிறது. எனவே பொருத்தமாக இருக்கும் என்று குறித்துக்கொண்டேன்.

"நாற்காலி எல்லாம் நெறைய போடுவீங்கல்ல சார்?" என்று மட்டும் கிளம்பும்போது கேட்டார்.

"மண்டபம் பூரா நாற்காலிதான்ம்மா" என்றேன். அது பொய்யில்லை.

அடுத்த வாரம் செயற்குழுவில் ஆடிஷன் விதிகளை எழுதினோம். நெல்லிக்குப்பத்திலிருந்து ஒருவர் வருவதாக இருந்தது. அவர் மைக்கைப் பிடித்தால் கரும்பு லாரி வந்து ஹாரன் அடித்தால்தான் விடுவார். அவரை உத்தேசித்து நானே ஒரு விதியை எழுதினேன்: 'ஒருவருக்கு ஒரு பாட்டு. ஒரு முறை மேடையேறிப் பாடியவர் அன்று மறுபடி பாட இயலாது.' தலைவர் படித்துவிட்டு, அரசியல் சட்டத்தில்கூட இவ்வளவு தெளிவு இல்லை என்றார். அன்றிரவு எனக்குத் தூக்கம் நன்றாக வந்தது.

ஆடிஷன் நாள். சிதம்பரம் மண்டபத்தின் வாசலில் வாழைமரம் கட்டி, பன்னீர் தெளித்து, கற்கண்டு கொடுத்து வரவேற்றார்கள். பெண் மாப்பிள்ளை எங்கே என்று இரண்டு குடும்பங்கள் உள்ளே வந்து தேடிவிட்டுப் போயின. மேடையில் தலைவரும், முட்டிவலியோடு வந்திருந்த தலைமை விருந்தினரும், மண்டப முதலாளியும் அமர்ந்தார்கள். குத்துவிளக்கு ஏற்றலாம் என்றபோது தலைவர் என் காதில் சொன்னார்: "இறைவணக்கத்துக்கு லோகநாயகி இருக்காங்களான்னு பாரு."

இருந்தார். மூன்றாவது வரிசையில் பச்சைப் பட்டுப்புடவையில், பக்கத்தில் ருக்கையாவோடு. நான் போய்க் கூப்பிட்டேன்.

"இன்னிக்கு வேணாம் சார். நான் இன்னிக்குப் போட்டிக்கு வந்திருக்கேன். வேற யாரையாவது..."

"வேற யாரும்மா இருக்காங்க?"

அதற்குள் தலைவர் மைக்கிலேயே கேட்டுவிட்டார். "என்னம்மா, சாமிக்குப் பாட மாட்டேங்கறியா?" மண்டபமே திரும்பிப் பார்த்தது. அப்படிக் கேட்டபிறகு இந்தப் பக்கத்தில் எந்தப் பெண் மறுத்துவிட்டு ஊருக்குத் திரும்ப முடியும்?

லோகநாயகி எழுந்தார். "என் நம்பர் வரும்போது கூப்புடுவீங்கல்ல சார்?" என்று என்னிடம் கேட்டார்.

"கட்டாயம்மா" என்றேன்.

பாடினார். எல்லாரும் எழுந்து நின்றோம். தலைமை விருந்தினர் முட்டியைத் தடவினார், மண்டப முதலாளி பந்தி ஆட்களுக்குச் சைகை காட்டினார், தலைவருக்கு ஒரு போன் வந்தது, அவர் அதைப் பக்தியோடு கட் பண்ணினார். பாட்டு முடிந்ததும் நாற்காலிகள் இழுபட்டன. விழா சிறப்பாகத் தொடங்கியது.

பிறகு வரவேற்புரை, முன்னிலை உரை, தலைமை உரை, வாழ்த்துரை, அந்த வாழ்த்துக்கு ஏற்புரை. பொன்னாடைக் குழு மேடையில் இருந்தவர்களுக்கெல்லாம் போர்த்திவிட்டு, பொன்னாடை மிச்சமிருந்ததால் மறுபடியும் முதலிலிருந்து போர்த்தியது. பாட வந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். கடைசியில் 'காலத்தின் அருமை கருதி' ஆளுக்கு ஒரு சரணம் மட்டும் என்று அறிவித்தோம். நெல்லிக்குப்பத்துக்காரர் ஒரு சரணத்தையே நாலு ராகத்தில் பாடினார். விதி அவரை ஒன்றும் செய்ய முடியவில்லை. புஷ்பவள்ளி அம்மாள் இரண்டு வரி பாடி, மூன்றாவதை மறந்து, வாயைப் பொத்திச் சிரித்து, "நான்தான் அப்பவே சொன்னேனே" என்று இறங்கிப் போனார்.

"எளிமை! இயல்பு! பாத்திரமாவே மாறிட்டாங்க" என்று தலைவர் மதிப்பெண் போட்டார்.

அடுத்த பெயர் லோகநாயகி. நான் வாய் நிறையக் கூப்பிட்டேன். அவர் புடவையைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். ருக்கையா ஒரு கரண்டி தேன் நீட்டினார். அப்போதுதான் தலைவர் கையைத் தூக்கினார்.

"ஒரு நிமிஷம். அவுங்கதான் ஏற்கெனவே பாடிட்டாங்களே?"

நான் விதியை எடுத்துப் பார்த்தேன். ஒருவருக்கு ஒரு பாட்டு. ஒரு முறை மேடையேறிப் பாடியவர். நானே எழுதியது, ஓட்டை எதுவும் இல்லை.

ருக்கையா கரண்டியோடு முன்னால் வந்துவிட்டார். "அது சாமிக்குப் பாடினது சார்! போட்டிக்கு இல்ல!"

"கடவுளைவிடப் பெரிய நடுவர் யாரும்மா?" என்றார் தலைவர் அமைதியாக.

"அப்ப அவரு மார்க்கு போட்டாரா?"

"அவரு மார்க்கை நாம கேட்டு வாங்க முடியாதும்மா. அது மேல போயிடும்."

"அநியாயம் சார் இது. நீங்கதான பாடச் சொன்னீங்க?"

"விதின்னா எல்லாருக்கும் விதிதான். இன்னிக்கு இவுங்களுக்குத் தளத்துனா, நாளைக்கு நெல்லிக்குப்பத்துக்காரரு வந்து நிப்பாரு."

நெல்லிக்குப்பத்துக்காரர் நிஜமாகவே எழுந்து நின்றார். எங்கள் தலைவரின் தொலைநோக்கை என்னென்பது!

லோகநாயகி என்னை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டார். தேன் பாட்டிலை மடியில் வைத்து மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். நான் பட்டியலில் அவர் பெயருக்கு நேரே 'பாடிவிட்டார்' என்று எழுதினேன்.

நன்றியுரையை நான் ஆற்றினேன். மிச்சம் இருந்தது 'பேரவை வாழ்த்து' மட்டும். தலைவரே இயற்றியது. அது பாடப்படாமல் எங்கள் கூட்டம் எதுவும் முடிவடையாது. அது முடியும்வரை யாரும் உட்காரக் கூடாது. பந்தியில் இலை போட்டுவிட்டார்கள். சாம்பார் வாசனை மேடைவரை வந்தது. நான் கம்பீரமாக அறிவித்தேன்: "இப்போது பேரவை வாழ்த்து. அனைவரும் எழுந்து நிற்கவும். பாடுபவர், திருமதி லோகநாயகி."

எல்லாரும் எழுந்து நின்றோம். லோகநாயகி எழுந்திருக்கவில்லை. பக்கத்தில் ருக்கையாவும் எழுந்திருக்கவில்லை.

"வாம்மா" என்றார் தலைவர்.

"நான்தான் பாடிட்டேனே சார்" என்றார் லோகநாயகி உட்கார்ந்தபடியே. "ஒருத்தருக்கு ஒரு பாட்டு."

யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. அந்த வாழ்த்தை அவருக்கு மட்டும்தான் மெட்டோடு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தோம். வாழ்த்து பாடும்போது உட்காரக் கூடாது என்று இருந்தது. பாட ஆளில்லாதபோது உட்காரலாமா என்பதை எங்கள் விதிகள் வரையறுக்கவில்லை. எனவே நின்றோம். தலைவர் தாமே பாட முயன்று, தாம் எழுதிய இரண்டாவது வரியில் வழி தெரியாமல் நின்றார். புஷ்பவள்ளி அம்மாளைப் பார்த்தோம்; அவர் தூணுக்குப் பின்னால் போய்விட்டார். தலைமை விருந்தினரின் முட்டி நடுங்கத் தொடங்கியது. பின்வரிசையில் ஒருவர், "எலை காயுதுய்யா!" என்று கத்தினார்.

"சரிம்மா, விதியைத் தளத்தறோம். வந்து பாடு" என்றார் தலைவர்.

"தளத்துனா மொதல்ல என் ஆடிஷன் பாட்டு."

"மொதல்ல வாழ்த்து."

"அப்ப நில்லுங்க சார்" என்றார் லோகநாயகி.

நின்றுகொண்டே மேடையில் அவசரச் செயற்குழு கூடியது. தலைமை விருந்தினர் தமது முட்டியின் சார்பில் ஆதரவு தெரிவித்தார். அனுமதி வழங்கப்பட்டது. லோகநாயகி மேடை ஏறி மைக்கைப் பிடித்தார். எதிரே மண்டபம் முழுக்க மனிதர்கள் நின்றுகொண்டிருந்தார்கள், எப்போதும்போல. ஒரு நிமிடம் பார்த்தார்.

"எல்லாரும் உக்காருங்க" என்றார்.

யாரும் உட்காரவில்லை. பழக்கமில்லை. எல்லாரும் தலைவரைப் பார்த்தோம், தலைவர் என்னைப் பார்த்தார். பின்வரிசையில் அந்தக் காட்டுமன்னார்கோயில் ரைஸ்மில்காரர்தான், "உக்காருங்கய்யா, அந்தம்மா சொல்லுதுல்ல!" என்று ஒரு அதட்டல் போட்டார். தலைமை விருந்தினர் அதற்காகவே காத்திருந்தவர்போல் தொப்பென்று உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்துவிட்டால் மற்றவர்கள் நிற்பது மரபில்லை. மண்டபமே உட்கார்ந்தது.

"அந்தோணி, மைக்கை ஆஃப் பண்ணு" என்று தலைவர் பல்லைக் கடித்தார்.

"சுவிச்சி எதுன்னு தெரியலையே சார்" என்றார், தலை நரைக்கும்வரை மைக்செட் போட்ட அந்தோணிசாமி.

லோகநாயகி பாடினார்.

"கூரை போனா போவட்டும் காத்தே, என்
கொரலை மட்டும் வுட்டுட்டுப் போ..."

இந்த மாவட்டத்தில் கூரை பறக்காத வீடு எது? பாத்திரம் உருண்டது, கன்றுக்குட்டி கத்தியது, விடிந்ததும் தோப்பெல்லாம் படுத்துக் கிடந்தது, எல்லாம் அந்தப் பாட்டில் ஒவ்வொன்றாக வந்தது. யாரும் செல்போனைப் பார்க்கவில்லை. பந்தி பரிமாறுகிறவர்கள் வாளியோடு வந்து வாசலில் நின்றார்கள். நிற்கக் கூடாதென்று நினைத்தார்களோ என்னவோ, வாளியை வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார்கள். புஷ்பவள்ளி அம்மாள் மேக்கப் கரைய அழுதார். என் வீட்டு ஓடும் அந்தப் புயலில் போனதுதான். என் கண்ணிலும் தண்ணீர் வந்தது. சமையல்கட்டில் அப்பளம் பொரித்த புகை என்று கூட்டக் குறிப்பில் எழுதிவைத்தேன்.

முடித்ததும் சத்தமே இல்லை. லோகநாயகி பழக்க தோஷத்தில் நாற்காலிச் சத்தத்தை எதிர்பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டார். அப்புறம் வந்தது கைதட்டல். அப்படியொரு கைதட்டலை நான் எந்த மந்திரி விழாவிலும் கேட்டதில்லை. அவர் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார், "போதும்" என்று ருக்கையாவைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். பேரவை வாழ்த்தைப் பாடவில்லை. விதிப்படி எங்கள் கூட்டம் இன்னும் முடிவடையவில்லை. சாப்பிட மட்டும் கலைந்தோம்.

மறுநாள் தலைவர் வீட்டு மாடியில் செயற்குழு கூடியது. கதாநாயகியாகப் புஷ்பவள்ளி அம்மாள் ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். "அந்த அக்காவையே போடுங்களேன், எனக்கு வெக்கமா இருக்குது" என்று அவர் போனில் சொன்னார். அவரது பெருந்தன்மை பதிவு செய்யப்பட்டது, ஏற்கப்படவில்லை.

"ஆனா பாட்டுக்கு என்ன பண்றது?" என்று தலைவர் யோசித்தார். "அந்தக் கூரைப் பாட்டு, ஜனங்க அதையேதான் பேசறாங்க."

"நான் அதை ரெக்கார்டு பண்ணி வெச்சிருக்கேன் சார்" என்று அந்தோணிசாமி வாயை விட்டுவிட்டார். "வீட்ல அமராவதி கேக்கணும்னுதான்..." அமராவதி அவர் மனைவி.

தலைவரின் முகம் மலர்ந்தது. பாட்டு எழுந்தது மண்டபத்தில். மைக் பேரவை ஏற்பாடு செய்தது. ஆகவே, அந்த மைக் வழியாக வந்த குரல் பேரவையின் அசையும் சொத்து என்று முடிவு செய்தோம். புஷ்பவள்ளி அம்மாள் வாயசைப்பார். குரல் பெட்டியிலிருந்து வரும். ஜனங்கள் உட்கார்ந்து கேட்பார்கள். லோகநாயகி கேட்டது அதைத்தானே? ஒரு குடிமகளின் கோரிக்கை இவ்வளவு முழுமையாக நிறைவேறி நான் பார்த்ததில்லை.

இந்த நற்செய்தியைச் சொல்ல நானே குறிஞ்சிப்பாடிக்குப் போனேன். லோகநாயகி கோப்பு ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தார். முழுவதும் கேட்டார்.

"அப்ப நான் எங்க சார் இருப்பேன்?"

"நீங்க எப்பவும்போல இறைவணக்கத்துக்கு வந்துடலாம்மா. அழைப்பிதழ்ல மொத வரி உங்க பேருதான்."

"பாட்டை நான் குடுக்கல சார்."

"குடுக்கவே வேணாம்மா. எடுத்தாச்சு."

அவர் கயிற்றை விட்டுவிட்டார். கண்கள் நிறைந்தன; ஆனால் குரல் உடையவில்லை. "நான் உக்காருங்கன்னு சொன்னது அதுல இருக்கும்ல? அதையாவது வெட்டாம வுடுங்க. அது நானு சார்."

"யா அல்லாஹ்! இவுங்க உருப்படுவாங்களா அக்கா?" என்று ருக்கையா என் முகத்துக்கு நேரே கேட்டார். பதில் சொல்வது என் அதிகார வரம்புக்குள் வராது என்பதால் நான் வணக்கம் சொல்லிவிட்டு வந்தேன்.

அவருடைய வேண்டுகோளைச் செயற்குழு பரிவோடு பரிசீலித்து, அந்த ஒரு சொல்லை மட்டும் வெட்டி எடுத்துவிட்டது. மற்றதெல்லாம் பத்திரமாகப் பெட்டியில் இருக்கிறது. 'தானே' புயல் பெரிய புயல்தான், ஒத்துக்கொள்கிறேன். கூரையைக் கொண்டுபோனது, தோப்பைக் கொண்டுபோனது. அந்த அம்மாள் கெஞ்சிக் கேட்டுக்கொண்டதற்காகக் குரலை மட்டும் விட்டுவிட்டுப் போய்விட்டது. புயலால் முடியாமல் போனதை ஒரே தீர்மானத்தில், அதுவும் ஒருமனதாக, எங்கள் பேரவை முடித்துக் காட்டியது.